பழத்தோலும் உற்பத்தி உறவும்: யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பழம் பேணலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

தேசி, தோடை, நாரத்தை முதலிய தோடையினப் பழங்களின் தோலின்மீது, உண்பவருக்குத் தீங்கு விளைக்காத மெல்லிய படலமொன்றைப் பூசி, அவற்றை வாடாமலும் அழுகாமலும் கூடுதலான நாள்களுக்கு வைத்திருக்கும் முறை இன்று பல நாடுகளின் விவசாய பீடங்களில் ஆராயப்படுகின்றது. இறாற் கோதிலிருந்து பெறப்படும் கைற்றோசான், கற்றாழையின் சோறு, தேன்மெழுகு, மாப்பொருள் ஆகியன இத்தகைய பூச்சுகளுக்குப் பயன்படுகின்றன. பூசிய பழமும் பூசாத பழமும் எடையிலும் நிறத்திலும் புளிப்பிலும் விற்றமின் சீயின் அளவிலும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அளந்து காட்டுவதோடு இவ்வாய்வுகள் பெரும்பாலும் நிறைவுபெறுகின்றன.

அந்த அளவில் அவை பயனுடையனவே. ஆயின், பழமொன்றின் ஆயுள் 7 நாளிலிருந்து 14 நாளாகுமெனின், கூடிய அந்த 7 நாள் யாருக்கு உரியது என்னும் வினா ஆய்வுகூடத்தில் எழுவதில்லை. மரத்தை வைத்திருப்பவருக்கா, பழத்தைப் பறித்தவருக்கா, சந்தையில் நிறுத்து வாங்குபவருக்கா, தூர நகரத்திற் கடை வைத்திருப்பவருக்கா? இது வேதியியலுக்குரிய வினாவன்று, வரலாற்றுக்குரியது. பழம் பேணும் நுட்பம் எதுவும் சமூக உறவுகளுக்கு அப்பால் நின்று செயற்படுவதில்லை என்பதையும், நாள்களைக் கூட்டும் கருவி யார் கையிலிருக்கின்றதோ அவரே விலையைக் கூறும் வலிமையையும் பெறுகின்றார் என்பதையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் பழத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். மரத்திலிருந்து பறிக்கப்பட்ட பின்னரும் பழம் உயிருள்ள பொருளே. அது ஒட்சிசனை உள்வாங்கிக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது; தோலின் நுண்டுளைகள் வழியாக நீரை இழக்கின்றது. மரத்திலிருக்கும்போது வேர் அந்நீரை ஈடு செய்தது. பறித்தபின் ஈடு செய்வார் எவருமில்லை. எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு நீர் போனதும் பல பழங்களின் தோல் சுருங்கத் தொடங்குகின்றது. வாழை, மா ஆகியவற்றைப் போலத் தோடையினப் பழங்கள் பறித்தபின் மேலும் பழுத்து இனிமையடைவதில்லை. பறித்த நாளில் எந்தச் சுவையோ அதுவே அவற்றின் உச்சம். அதன்பின் இழப்பு மட்டுமே.

தோலின்மீது இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படையொன்று உண்டு. கழுவித் துடைக்கும்போது அதில் ஒரு பகுதி போய்விடுகின்றது. தோலிற் கீறல் விழுந்தாலோ, எண்ணெய்ச் சுரப்பிகள் நசுங்கினாலோ பச்சைப் பூஞ்சணமும் நீலப் பூஞ்சணமும் உள்ளே நுழைகின்றன. பூச்சு இழந்த மெழுகை ஈடு செய்கின்றது. நீர் வெளியேறுவதைக் குறைக்கின்றது. பழத்தின் சுவாசத்தை மெதுவாக்குகின்றது. எனினும் பூச்சு தடித்துவிட்டால் ஒட்சிசன் போதாமற் பழத்தினுள்ளே மதுசாரம் உண்டாகிச் சுவை கெடும். ஆகவே, பேணல் என்பது மூச்சை நிறுத்துவதன்று, மூச்சை அளவுபடுத்துவது.

இவ்வியற்கை நிகழ்வு சந்தையில் ஒரு சமூக நிகழ்வாக மாறுகின்றது. மூலதனம் நூலின் இரண்டாம் தொகுதியில், சுற்றோட்ட காலம் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் இதனைச் சுட்டியுள்ளார். ஒரு பண்டம் எவ்வளவு விரைவில் அழியக்கூடியதோ அவ்வளவுக்கு அது விரைந்து விற்கப்படல் வேண்டும். அவ்வளவுக்கு அதன் சந்தையும் உற்பத்தியிடத்தை அண்டியதாகக் குறுகும் என்பது அவர் கருத்து. பண்டத்தின் உடல் கெடும் வேகமே அது பயணம் செய்யக்கூடிய எல்லையை வகுக்கின்றது. இதன் மறுபக்கமும் மனங்கொள்ளத்தக்கது. நாளை அழுகப்போகும் பொருளை வைத்திருப்பவருக்கு இன்று பேரம் பேசும் வலிமையில்லை. வாங்குபவர் காத்திருக்கலாம், விற்பவர் காத்திருக்கவியலாது. இந்தக் காத்திருப்பின் சமமின்மையே அழியும் பொருள்களின் வாணிகத்திற் சுரண்டலின் முதல் வாயில் ஆகின்றது.

தமிழிலக்கியத்திற் கனிக்குக் குறைவில்லை. எனினும் புலவர் பெரிதும் பாடியது மரத்திற் கனிந்த கனியையும் உண்பவர் கையிலுள்ள கனியையுமே; இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களை அவர் அதிகம் நோக்கவில்லை. விலக்காக அமையும் சில இடங்கள் சிந்தனைக்குரியன. பெரும்பாணாற்றுப்படையிற் பாணன் அந்தணர் மனையிற் பெறும் உணவில் மாவடு ஊறுகாய் இடம்பெறுகின்றது. அதே நூலில் உப்பேற்றிய வண்டிகளோடு நெடுவழி செல்லும் உமணரும் காட்சி தருகின்றனர். ஊறுகாய் அமைதியான மனையிலும், அதற்கு வேண்டிய உப்பு மேடு பள்ளமான வழியிலும் வைத்துப் பாடப்பட்டமை தற்செயலாயினும் பொருள் பொதிந்தது. பேணப்பட்ட உணவு ஓரிடத்தில் உண்ணப்படுகின்றது. பேணும் உழைப்பு வேறோரிடத்தில் வியர்க்கின்றது.

3

தோடையினப் பழங்களைப் பேணும் முயற்சியின் உலக வரலாறும் இதே முரண்பாட்டைக் காட்டுகின்றது. சீனத்தில் 1178இல் ஹான் யென்சி என்னும் அதிகாரி தோடையினப் பழங்களைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். நடுகை, நீர்பாய்ச்சல், பறித்தல், சேமித்தல் ஆகியவற்றை அந்நூல் தனித்தனியே கூறுகின்றது. பழத்தைச் சிறு கத்தரியாற் காம்போடு ஒட்ட நறுக்கி, கூடையில் மெதுவாக வைக்க வேண்டும் என்றும், தோலின் நறுமண நெய் தெறித்தாற் பழம் விரைவிற் கெடும் என்றும் அது கூறுகின்றது. மதுவின் மணமும் பழத்துக்கு ஆகாதென்பதாற் பறிப்போர் அன்று முழுவதும் மது அருந்துவதில்லை என்ற செய்தியும் அதிலுண்டு. எண்ணெய்ச் சுரப்பிகள் நசுங்கலாகாது என்னும் இன்றைய விஞ்ஞான அறிவு ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்னரே தொழிலாளரின் விரல்களில் இருந்தது என்பது இதனாற் புலனாகும். பழத்தின் தோலைக் காக்கும் பொருட்டுப் பறிப்பவரின் உடல் ஒழுங்குக்கு உட்படுத்தப்பட்டமையும் இதனாற் புலனாகும்.

ஐரோப்பியரின் கடலாதிக்கம் இச்சிக்கலை வேறொரு தளத்துக்குக் கொண்டுசென்றது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் தோடையும் எலுமிச்சையும் ஸ்கேவி நோயைத் தீர்க்கும் என்று சோதித்துக் காட்டினார். ஆனால் பழம் நெடும்பயணத்தைத் தாங்காது. சாற்றைக் காய்ச்சி இறுக்கிப் போத்தலில் அடைக்குமாறு அவர் கூறிய முறை, நோயைத் தீர்க்கும் சத்தையே வெப்பத்தால் அழித்தது. பேணும் முறை பேணப்படுவதையே இல்லாமற் செய்யலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். 1795இலேயே பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி வழங்கத் தொடங்கியது. ஏகாதிபத்தியத்தின் கப்பல்கள் நெடுங்காலம் கடலில் நிற்பதற்குப் பேணப்பட்ட பழச்சாறும் ஒரு காரணமாயிற்று.

தோலின்மீது பூசுதல் பெருந்தொழிலாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவிலாகும். அங்கே புறொக்டெக்ஸ் என்னும் கம்பனி, வெண்காரக் கரைசலில் தோய்த்து அழுகல் தடுக்கப்பட்ட தோடம்பழத்துக்கே காப்புரிமை பெற்றது. முறைக்கு மட்டுமன்றி அம்முறைக்கு உட்பட்ட பழத்துக்கும் அது உரிமை கோரியது. 1931இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. வெண்காரம் ஏறிய தோடம்பழம் புதிய உற்பத்திப் பொருளாகாது. முன்னர் எதற்குப் பயன்பட்டதோ அதற்கே இன்னும் பயன்படும் பழமாகவே அது இருக்கின்றது என்பது தீர்ப்பின் சாரம். இயற்கையின் கனியைத் தோலோடு தனியுடைமையாக்க முயன்ற மூலதனம் இவ்விடத்தில் ஒரு தடையைச் சந்தித்தது. எனினும் பூச்சின் கலவைக்கும், பூசும் இயந்திரத்துக்கும் உரிமை பெறும் வழி மூடப்படவில்லை.

அதே காலத்திற் கலிபோர்ணியாவின் தோடைச் செய்கையாளர் கூட்டுறவாக ஒன்றிணைந்து சன்கிஸ்ற் என்னும் பெயரில் உலகச் சந்தையைப் பிடித்தனர். பொதிசெய் நிலையமும் விற்பனையும் அவர்கள் கையிலிருந்தமையால் விலையும் அவர்கள் கையிலிருந்தது. ஆனால் அக்கூட்டுறவு தோட்ட உடைமையாளரின் கூட்டுறவே. 1936இல் ஒறேஞ்ச் மாவட்டத்தில் மெக்சிக்கப் பறிப்புத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அது கடுமையான அடக்குமுறையைச் சந்தித்தது. கூட்டுறவு என்னும் சொல் மட்டும் ஒரு நிறுவனத்தின் வர்க்கத் தன்மையைத் தீர்மானிப்பதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. இக்கருத்துக்குப் பின்னர் மீளுவோம்.

பளபளப்பான தோடம்பழத்தின் மேலுள்ள பூச்சுக்குப் பயன்படும் பொருள்களுள் அரக்கும் ஒன்று. பாரதக் கதையிற் பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகையின் அரக்கே இது. சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசிகள் மரக்கொம்புகளிலிருந்து சேகரிக்கும் இப்பொருளை ஆராய 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. பழத்தை வாங்குபவர் காண்பது ஒளியை. அவ்வொளியின் மூலத்திலுள்ள கையை அவர் காண்பதில்லை.

4

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவோம். இங்கே வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையின் கீழுள்ள நீரைக் கிணற்றால் இறைத்தே கமம் நடைபெறுகின்றது. துலாவில் ஏறி மிதித்தும் பட்டை பிடித்தும் இறைத்த நீராற் பெற்ற விளைவை வீணாக்குதல் இயலாது. ஆகவே பேணும் கலை இம்மண்ணில் ஆழ வேரூன்றியது. வெண்காயத்தைப் பிடிகளாகக் கட்டித் தொங்கவிட்டனர். புளியை உப்பிட்டுப் பானையில் அடைத்தனர். தேசிக்காயை உப்பில் ஊறவிட்டு வெயிலில் வைத்தனர். பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயிற் பரப்பி, நாளுக்கு நாள் படையாக ஊற்றிக் காயவைத்துப் பினாட்டாக்கினர். பனங்கிழங்கைப் பிளந்து உலர்த்தி ஒடியலாக்கினர். பஞ்சகாலத்திற் குடும்பங்களைத் தாங்கியவை இவ்வுலர்பொருள்களே. இவற்றுட் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. அடுப்படியிலும் முற்றத்திலும் நடைபெற்றமையால் அது உழைப்பாகக் கணிக்கப்படவில்லை, கூலியும் பெறவில்லை.

பூச்சு என்பதும் இங்கு புதியதன்று. பனையிலிருந்து இனிய கருப்பநீரைப் பெற விரும்புவோர் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவர். சுண்ணாம்பு சாற்றின் புளிப்பைத் தடுத்து, நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகாது காக்கின்றது. பூசாத முட்டியில் வடியும் அதே சாறு சில மணி நேரத்திற் கள்ளாகின்றது. பூசிய முட்டியின் கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கிக் குட்டான்களில் இட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். பழத்தின் வெளித்தோலிற் பூசுவதற்குப் பதிலாக ஏந்தும் கலத்தின் உட்டோலிற் பூசினர் என்பதே வேறுபாடு; கெடுதலைத் தாமதப்படுத்தி நாள்களைப் பெறுதல் என்னும் தத்துவம் ஒன்றே.

இந்த நுட்பத்தை அறிந்தவர் மரமேறும் தொழிலாளர். யாழ்ப்பாணச் சமூகத்திற் கீழ்நிலைக்குத் தள்ளப்பட்ட சாதியினர் அவர்கள். நிலமும் மரமும் பெரும்பாலும் உயர்சாதி உடைமையாளர் வசம் இருந்தன. இலங்கையில் அடிமை முறை 1844இற் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமைக் கட்டுப்பாடுகள் நெடுங்காலம் நீடித்தன. ஆகவே, சுண்ணாம்பு பூசும் அறிவு தொழிலாளருடையதாக இருந்தும், அவ்வறிவு உண்டாக்கிய நாள்கள் அவருடையனவாக இருக்கவில்லை. மரத்துக்குரிய பங்கும், ஏறுவதற்குரிய உரிமையும், விற்பதற்குரிய இடமும் பிறர் கையில் இருந்தன.

1850இல் வில்லியம் பேர்குசன் இலங்கைப் பனையைப் பற்றித் தனிநூல் எழுதினார். பனையின் 801 பயன்களைக் கூறுவதாகச் சொல்லப்படும் தாலவிலாசம் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. பனையைப் புகழும் மரபு இவ்வாறு நீண்டது. பயன்கள் எண்ணப்பட்டன, பயனாக்கும் கைகள் எண்ணப்படவில்லை. 1972இல் வெளிவந்த கே. டானியலின் பஞ்சமர் முதலிய ஆக்கங்களின் வழியாகவே மரத்தின்கீழ் நின்ற மனிதர் நமது நாவலின் மையத்துக்கு வந்தனர் எனலாம். இலக்கிய வரலாற்றில் நிகழ்ந்த இம்மாற்றம் சமூக வரலாற்றில் நிகழ்ந்த போராட்டங்களின் விளைவே.

கெடாத பண்டத்தைக் கையில் வைத்திருப்பதன் வலிமைக்குப் புகையிலை சான்றாகும். ஒல்லாந்தர் காலம் தொட்டே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. பதப்படுத்திய இலை கடல் கடந்தும் கெடாது. எனினும் இருப்பு வைத்திருக்கும் பணவலிமை வணிகரிடமே குவிந்தது; செய்கையாளர் முற்பணக் கடனாற் கட்டுண்டனர். இலங்கையிற் கூட்டுறவுச் சட்டம் 1911இல் வந்தது. 1930களில் மலையாளச் சந்தைக்குரிய புகையிலையை விற்கச் செய்கையாளரின் கூட்டுறவுச் சங்கம் தோன்றியமை, இருப்பைக் கூட்டாக வைத்திருந்து விலைக்காகக் காத்திருக்கும் முயற்சியாகும். இலை கெடாதது என்பது மட்டும் போதவில்லை. காத்திருக்கும் காலத்திற் குடும்பம் உண்பதற்கு வழியும் வேண்டியிருந்தது.

5

1905இற் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை முழுமையடைந்தது. ஒரு நாட் பயணத்துக்குட் கொழும்புச் சந்தை வந்தது. மார்க்ஸ் கூறிய எல்லை விரிந்தது. மாம்பழமும் முந்திரிகைப் பழமும் மரக்கறியும் தெற்கே சென்றன. ஆனால் எல்லை விரிந்தபோது செய்கையாளருக்கும் உண்பவருக்கும் இடையிலான கைகளும் பெருகின. கிராமத்தில் வாங்குபவர், சந்தைக் கமிசன்காரர், அனுப்புபவர், கொழும்பில் இறக்குபவர் என ஒவ்வொருவரும் கெடுதலின் ஆபத்தைத் தமக்குப் பின்னால் நின்றவர்மீது தள்ளினர். அச்சங்கிலியின் கடைசியில் நின்றவர் கமக்காரர்.

பழத்தைப் பேணித் தொலைவுக்கு அனுப்பும் முயற்சிகளுள் ஒன்று வலிகாமம் வடக்கிலே தோன்றியது. 1928இல் தோலகட்டியில் நிறுவப்பட்ட ரோசரியன் துறவியர் மடம் முந்திரிகை ரசத்துக்கும் நெல்லி ரசத்துக்கும் பெயர் பெற்றது. வாரத்திற் கெடும் பழத்தைச் சாறாக்கிப் போத்தலில் அடைத்து மாதக்கணக்கிற் காத்த அம்முறை, பேணும் கருவி உற்பத்தியிடத்திலேயே இருந்தாற் பயன் எவ்வாறு மாறும் என்பதைக் காட்டியது.

1970 தொடக்கம் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் வெண்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டுப் பழங்களும் சந்தையில் அரிதாயின. குடாநாட்டுக் கமக்காரர் இதனால் நன்மை பெற்றனர். அக்காலத்திலேயே, தவறணை முதலாளிகளின் பிடியிலிருந்த கள் வாணிகத்தில், மரமேறும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாக்கப்பட்டன. ஒரு நாளிற் புளித்துக் கெடும் கள்ளைப் பதப்படுத்திப் போத்தலில் அடைக்கும் தொழிலும் பின்னர் இச்சங்கங்களின் வழியாக வளர்ந்தது. நமது விடயத்துக்கு இது மிக முக்கியமான நிகழ்ச்சி. சுண்ணாம்பு பூசும் அறிவைத் தலைமுறைகளாகக் கொண்டிருந்தவர்கள் முதன்முறையாக விற்பனையிலும் பங்குடையோராயினர். 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இச்சங்கங்கள் அரசியற் தலையீட்டுக்கும் நிருவாகச் சீர்கேட்டுக்கும் உட்பட்டதுண்டு. அவற்றைக் குறையற்றனவாக வருணித்தல் வரலாறாகாது. எனினும் அவை உழைப்பவரின் கூட்டுறவுகள் என்ற வகையில், மேலே கூறிய கலிபோர்ணிய உடைமையாளரின் கூட்டுறவிலிருந்து அடிப்படையில் வேறுபட்டவை.

1977இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. வெண்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வந்து குவிந்தன. கடைகளில் மெழுகு பூசிய அப்பிளும் தோடம்பழமும் மீண்டும் ஒளிர்ந்தன. அவை பறிக்கப்பட்டுப் பல வாரங்கள் ஆகியிருக்கலாம். ஆயினும் நேற்றுப் பறித்த உள்ளூர்த் தோடை அவற்றின் அருகில் மங்கித் தோன்றியது. குளிர்க்களஞ்சியமும் பூச்சும் கப்பற் சேவையும் ஒருங்கே கொண்ட மூலதனத்தோடு, கூடையும் சாக்கும் மட்டுமுடைய கமக்காரர் போட்டியிட நேர்ந்தது.

போர் இப்போட்டியையும் நிறுத்தியது. 1990இற் புகையிரதம் நின்றது. தேசிய மின்வழங்கல் அறுந்தது. பொருளாதாரத் தடை இறுகியது. வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆனையிறவு உப்பளம் செயலிழந்தது. வெளிச்சந்தைக்குச் செல்லும் வழி அடைபட்டமையால், விளைந்தது பெரும்பாலும் குடாநாட்டுக்குள்ளேயே விற்கப்பட்டது. குளிர்ப்பெட்டியற்ற வீடுகளிற் பழைய பேணல் முறைகள் மீண்டன. சீனி அரிதானபோது பனங்கட்டி அதனிடத்தைப் பெற்றது. இதனைப் பழமையின் மாட்சியாகக் கொண்டாடுதல் தவறு. அது முற்றுகைக்குட்பட்ட மக்களின் கட்டாயமேயன்றித் தெரிவன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 2000இல் தென்மராட்சியில் நடைபெற்ற போரிற் சாவகச்சேரி அழிந்தது. மாவுக்கும் பலாவுக்கும் பெயர்பெற்ற அப்பகுதியின் மரங்களும் சிதைந்தன. பழமரம் ஓராண்டில் மீள்வதில்லை என்பதை மறத்தலாகாது.

ஏ-9 வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மூடப்பட்டு, 2009இற் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. 2014இற் புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்தது. வழி திறந்தது, ஆனால் அது இருபுறமும் திறந்த வழி. 1999இல் நிறுவப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் விலை இன்று குடாநாட்டுச் சந்தையையும் பாதிக்கின்றது. 2022இன் எரிபொருள் நெருக்கடியின்போது லொறிகள் நின்றமையால், விளைந்தது விளைந்த இடத்திலேயே கெடும் நிலை நாடெங்கும் தோன்றியது. பேணும் வசதி சந்தையின் தூரமுனையில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

6

இப்பின்னணியிலேதான் உண்ணத்தகு பூச்சுகள் பற்றிய இன்றைய ஆய்வை நோக்குதல் வேண்டும். பொருள்வளத்தைப் பொறுத்தவரை குடாநாடு இதற்கு வாய்ப்பான இடமே. கடனீரேரிகளில் இறால் உண்டு. அதன் கோது பெரும்பாலும் கழிவாகவே எறியப்படுகின்றது. கற்றாழை மணற்பாங்கான நிலங்களில் தானாக வளர்வது. பனங்கிழங்கு மாப்பொருள் நிறைந்தது. பெருஞ்செலவான குளிரூட்டும் வசதியை எல்லாக் கமக்காரரும் பெறமுடியாத நிலையில், தோய்த்து உலர்த்தினாற் போதும் என்ற முறை ஏழைச் செய்கையாளருக்கு இசைவானது. மேலும் தேசிக்காயை மிகக் குளிரில் வைத்தால் அதன் தோல் குழிவிழுந்து கறுக்கும். ஆகவே குளிர் ஒன்றே தீர்வுமன்று.

ஆயின், யாழ்ப்பாணச் சந்தைகளிற் கமக்காரர் பல ஆண்டுகளாக எதிர்த்துவரும் ஒரு வழக்கத்தை இங்கு நினைவுகூரல் வேண்டும். கமக்காரரின் பொருளை நிறுத்து வாங்கும்போது நூற்றுக்கு 10 பங்கைக் கழிவாகக் கழித்து, எஞ்சிய எடைக்கே விலை கொடுக்கும் வழக்கம் அது. நூறு கிலோ கொடுத்தவர் தொண்ணூறு கிலோவுக்குப் பணம் பெறுகின்றார். நீர் வற்றும், சில அழுகும், ஆகவே இது நியாயம் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அதாவது, இன்னும் நிகழாத இழப்பு முன்கூட்டியே உற்பத்தியாளரிடம் அறவிடப்படுகின்றது. பழத்தின் தோல் வழியே நீர் வெளியேறுவது இயற்கை நியதி. அவ்விழப்பை யார் தாங்க வேண்டும் என்பது இயற்கை நியதியன்று, அது அதிகார உறவு. கழிவு என்னும் சொல் இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டி மயக்குகின்றது.

இப்பொழுது நமது வினா தெளிவடைகின்றது. பூச்சினால் எடையிழப்பு பாதியாகக் குறைகின்றது என்று கொள்வோம். நூற்றுக்குப் பத்தாகக் கழிவு தொடருமாயின், குறைந்த இழப்பு முழுவதும் வாங்குபவரின் இலாபமாகும். பூசிய செலவும் உழைப்பும் கமக்காரரைச் சாரும். ஆய்வுகூடத்தில் வெற்றி பெற்ற பூச்சு, சந்தையில் உபரியை மேலும் ஒரு படி உறிஞ்சும் கருவியாக முடியும். மாறாக, பூச்சும் தராசும் களஞ்சியமும் உற்பத்தியாளர் கூட்டாக நடத்தும் ஓரிடத்தில் இருக்குமாயின், அதே பூச்சு விற்பவருக்குக் காத்திருக்கும் வலிமையைத் தரும். நுட்பம் ஒன்றே, உறவு வேறு, ஆகவே விளைவும் வேறு.

இதிலிருந்து ஆய்வாளருக்குச் சில கடமைகள் எழுகின்றன. முதலாவதாக, பூச்சைப் பற்றிய ஆய்வு எடையிழப்பை அளப்பதோடு நில்லாது, அவ்விழப்பின் பெறுமதி சந்தையில் யாரிடம் சேருகின்றது என்பதையும் அளத்தல் வேண்டும். விவசாய பீடமும் பொருளியற்றுறையும் சமூகவியற்றுறையும் சேர்ந்து செய்யவேண்டிய பணி இது. இரண்டாவதாக, பொதுப் பணத்தில் நடைபெறும் ஆய்வின் பேறு பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும். கற்றாழைச் சோறும் இறாற் கோதும் தனியொருவரின் காப்புரிமைக்குட் செல்வதற்கு நமது பல்கலைக்கழகங்கள் வழிவிடலாகாது. மூன்றாவதாக, பூச்சின் கீழ் வேறென்ன இருக்கின்றது என்பதை உண்பவர் அறிதல் வேண்டும். உலக வாணிகத்தில் மெழுகோடு பூஞ்சணக்கொல்லியும் சேர்க்கப்படுவதுண்டு. அத்தகைய தோல் சமையலுக்கும் ஊறுகாய்க்கும் உகந்ததன்று. தேசிக்காயைத் தோலோடு ஊறவிடும் நமது வீடுகளுக்கு இது சிறு விடயமன்று. நான்காவதாக, கழுவித் தோய்த்து உலர்த்தித் தரம் பிரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே வந்துசேரும். முற்றத்தில் பினாட்டு ஊற்றிய உழைப்பைப் போல அதுவும் கணக்கில் வராத உழைப்பாகிவிடாது, உரிய கூலியும் நிருவாகத்திற் பங்கும் உடையதாக அமைதல் வேண்டும்.

இவை நிறைவேறாத கனவுகள் எனக் கூறுவோர் உளர். மரமேறும் தொழிலாளர் தமது கள்ளைத் தாமே போத்தலில் அடைத்து விற்பர் என்று ஐம்பதுகளிற் கூறியிருப்பின் அதுவும் அவ்வாறே நகைக்கப்பட்டிருக்கும். அது நிகழ்ந்தமைக்குக் காரணம் போத்தல் அடைக்கும் இயந்திரம் மட்டுமன்று. தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் சமமாகப் புகும் உரிமைக்காக அறுபதுகளில் அம்மக்கள் நடத்திய போராட்டங்கள் உருவாக்கிய அரசியற் சூழலும் ஆகும். இயந்திரம் அதற்குப் பின்னரே வந்தது. தேசிக்காயின் தோலிற் பூசப்போகும் படலத்துக்கும் அந்த வரிசையே பொருந்தும். சந்தையிற் கழிவை ஒழிக்கும் போராட்டம் முன்னே செல்லட்டும். பூச்சு அதன் பின்னே வரட்டும். அப்பொழுதுதான் பழத்துக்குக் கூடும் நாள்கள் அதனை விளைவித்தவரின் நாள்களாகவும் கூடும்.